மெயில் வருகிறது, போகவில்லை: கைப்பேசியில் அவுட்கோயிங் சர்வரைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கடைக்கு ஃபோட்டோஸ்டாட் எடுக்க வருகிறவர்களில் அடிக்கடி யாராவது ஒருவர் கைப்பேசியை மேசையில் வைத்து இதைச் சொல்வார்: "அண்ணே, மெயில் வருது, போக மாட்டேங்குது." லோரி காண்ட்ராக்டர், சாப்பாடு ஆர்டர் எடுக்கும் அக்கா, கோயில் செயலாளர், டியூஷன் டீச்சர் என்று பலர். பெரும்பாலும் தொழிலுக்காகச் சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஒரு முகவரி வாங்கி வைத்திருப்பார்கள். தோட்ட ஆபீஸுக்கோ ஈப்போவில் இருக்கும் கம்பெனிக்கோ இன்வாய்ஸ் அந்த முகவரியிலிருந்துதான் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலை வாங்க ஒரு சர்வர் (இன்கமிங்), அனுப்ப வேறொரு சர்வர் (அவுட்கோயிங்). கைப்பேசி இரண்டிலும் தனித்தனியாகப் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லித்தான் உள்ளே போகிறது. அதனால் மெயில் வந்துகொண்டிருப்பதை வைத்து அனுப்பும் பக்கமும் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி அமைந்திருக்கிறது.

ஜிமெயில் முகவரியை ஜிமெயில் ஆப்பிலேயே வைத்திருப்பவர்களுக்கு அவுட்கோயிங் செட்டிங்ஸ் என்ற பக்கமே இருக்காது. அங்கே கூகுள் கணக்கில் நுழைந்தாலே போதும். அவர்கள் 3, 4, 9 ஆகிய பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும்.

1. அக்கவுண்டை அழிக்காதீர்கள்

நான் பார்த்தவரை எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். "ரிமூவ் அக்கவுண்ட்" அழுத்திவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். தவறான செட்டிங்கையே மறுபடி போட்டால் அதே பிழைதான் திரும்ப வரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் அக்கவுண்ட் பாப் வகையாக இருந்தால், மெயில்கள் சர்வரிலிருந்து இறங்கிக் கைப்பேசியில் மட்டும் இருக்கலாம். அக்கவுண்டை எடுத்தால் அவையும் போய்விடும். ஐமேப் வகையென்றால் மெயில்கள் சர்வரில் இருக்கும், ஆனால் அவுட்பாக்ஸில் நிற்பது அப்போதும் போய்விடும். இரண்டு வருட இன்வாய்ஸ்களை ஒரே அழுத்தில் இழந்த ஒருவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் கடைசி வழி என்றால்கூட இதைத் தொடாதீர்கள்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள்: முழு மெயில் முகவரி, பாஸ்வேர்டு, அவுட்கோயிங் சர்வரின் பெயர், போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்), பாதுகாப்பு வகை. கடைசி மூன்றும் உங்களுக்கு மெயில் வசதி கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும். சீபேனல் (டொமைனையும் அதன் மெயில்களையும் நிர்வகிக்கும் இணையப் பக்கம்) வைத்திருந்தால் ஈமெயில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் உங்கள் முகவரிக்கு எதிரே "கனெக்ட் டிவைசஸ்" என்று இருக்கும். திறந்தால் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும்.

டொமைனை யாரோ ஒரு தம்பி எப்போதோ பதிந்து கொடுத்தார், இப்போது அவர் கோலாலம்பூரில் இருக்கிறார் என்றால், முதலில் அவருக்குப் போன் போடுங்கள். ஊகித்து நிரப்பத் தொடங்கினால் மாலை வரை உட்கார வேண்டியிருக்கும்.

சோதனைக்கு இன்னொரு முகவரியும் வேண்டும். வீட்டில் யாருடையதாவது ஜிமெயில் போதும். உங்கள் டொமைனிலேயே உள்ள வேறொரு முகவரி உதவாது. காரணம் 7ஆம் பகுதியில் வருகிறது.

3. அவுட்பாக்ஸைத் திறந்து பிழைச் செய்தியை வாசியுங்கள்

மெயில் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவுட்பாக்ஸில் நிற்கிறதா, சென்ட் பெட்டிக்குப் போய்விட்டதா? சென்ட் பெட்டியில் இருந்தால் உங்கள் அவுட்கோயிங் சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். பிரச்சினை அதற்கு அப்பால் இருக்கிறது: பெறுபவரின் முகவரியில் எழுத்துப்பிழை, அவருடைய பெட்டி நிறைந்திருப்பது, அல்லது ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்திருப்பது. அப்போது செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம்.

அவுட்பாக்ஸில் நின்றால் திரையில் வரும் செய்தியை "ஓகே" தட்டித் தள்ளிவிடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதில் மூன்று இலக்க எண் இருந்தால் அதுதான் வழிகாட்டி. 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். 5இல் தொடங்கினால் எதையாவது திருத்தாமல் போகாது. 535 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 530 என்றால் நீங்கள் பாஸ்வேர்டே சொல்லவில்லை. 552 என்றால் பெரும்பாலும் மெயில் அளவு மீறிவிட்டது. எண் எதுவும் இல்லாமல் "சர்வருடன் இணைய முடியவில்லை" என்று மட்டும் வந்தால், கைப்பேசி சர்வரின் வாசல்வரைகூடப் போகவில்லை. அப்படியானால் 4, 5, 6ஆம் பகுதிகள் உங்களுக்கு.

4. இணைப்பை மாற்றிப் பாருங்கள்

வைஃபையில் இருந்தால் அணைத்துவிட்டு டேட்டாவில் அனுப்புங்கள். டேட்டாவில் இருந்தால் வைஃபைக்கு மாறுங்கள். ஒன்றில் போய் மற்றொன்றில் போகவில்லை என்றால் செட்டிங்ஸ் சரி. அந்த இணைப்புதான் தடுக்கிறது. பள்ளி, ஆபீஸ் வைஃபைகளில் மெயில் அனுப்பும் போர்ட்டுகளை அடைத்து வைப்பது சகஜம். பிரவுசர் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது, மெயில் மட்டும் போகவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். விபிஎன் போட்டிருந்தால் அதையும் சோதனை முடியும்வரை அணையுங்கள்.

தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு காட்டும்போது மெயில் வரும், ஏனென்றால் சின்ன எழுத்து மெயில் இறங்க அதிகம் வேண்டாம். படத்தோடு மேலே ஏற்றுவதற்கு அந்த ஒரு கோடு போதாது. பாதியில் அறுந்து அவுட்பாக்ஸில் சுற்றிக்கொண்டே இருக்கும். மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு முறை அனுப்பிப் பார்த்த பிறகுதான் செட்டிங்ஸைக் குறை சொல்ல வேண்டும்.

மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத பழைய கைப்பேசியை இன்னும் வைத்திருந்தால் அதற்கு 2ஜிதான் மிச்சம். அதில் படமோ ஃபைலோ சேர்த்த மெயில் அனுப்பப் போராட வேண்டாம், வைஃபை பிடித்து அனுப்புங்கள்.

5. சர்வர் பெயர்

இப்போதுதான் செட்டிங்ஸுக்குள் போகிறோம். புதிய ஐஃபோனில்: செட்டிங்ஸ், ஆப்ஸ், மெயில், மெயில் அக்கவுண்ட்ஸ், உங்கள் அக்கவுண்ட், பிறகு எஸ்எம்டிபி (SMTP, மெயில் அனுப்பும் முறையின் பெயர்), அதில் பிரைமரி சர்வர். ஆண்ட்ராய்டில் ஜிமெயில் ஆப் என்றால் மெனு, செட்டிங்ஸ், உங்கள் முகவரி, "அவுட்கோயிங் செட்டிங்ஸ்". வேறு மெயில் ஆப்களிலும் அக்கவுண்ட் செட்டிங்ஸுக்குள்தான் அவுட்கோயிங் சர்வர் இருக்கும்.

சர்வர் பெயரைத் தாளில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும்; கண்ணுக்குத் தெரியாது, சர்வருக்குத் தெரியும். சந்தேகம் என்றால் முழுதும் அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள்.

பொதுவான சேவைகளில் ஜிமெயிலுக்கு எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம் (smtp.gmail.com). யாஹூவுக்கு எஸ்எம்டிபி புள்ளி மெயில் புள்ளி யாஹூ புள்ளி காம் (smtp.mail.yahoo.com). ஐக்ளவுடுக்கு எஸ்எம்டிபி புள்ளி மெயில் புள்ளி மீ புள்ளி காம் (smtp.mail.me.com). சொந்த டொமைனுக்குப் பெரும்பாலும் உங்கள் டொமைன் பெயருக்கு முன் "மெயில் புள்ளி" சேர்ந்து வரும். ஆனால் எல்லா நிறுவனத்திலும் அப்படி இல்லை, அதனால்தான் கேட்டு எழுதச் சொன்னேன்.

6. போர்ட்டும் பாதுகாப்பும் ஜோடி

புதிதாகச் செய்பவர்கள் அதிக நேரம் தொலைப்பது இங்கேதான். போர்ட் எண்ணையும் பாதுகாப்பு வகையையும் இரண்டு தனிச் செட்டிங்காக நினைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

465 என்றால் எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த இரண்டு ஜோடியை மட்டும் நினைவில் வையுங்கள்.

காரணம் இது. 465இல் கைப்பேசி முதல் சொல்லிலிருந்தே பூட்டிய பேச்சாகப் பேசுகிறது. 587இல் முதலில் திறந்த பேச்சில் வணக்கம் சொல்லி, பிறகு "இனி பூட்டிக்கொள்வோம்" என்று மாறுகிறது. 587ஐப் போட்டுவிட்டு எஸ்எஸ்எல் என்று வைத்தால், கைப்பேசி பூட்டிய பேச்சைத் தொடங்கும். சர்வர் திறந்த பேச்சுக்காகக் காத்திருக்கும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல், திரையில் வட்டம் மட்டும் சுற்றும். கடைசியில் "இணைய முடியவில்லை" என்று வரும். பாஸ்வேர்டு தவறு என்று வராது, ஏனென்றால் பேச்சு அதுவரை போகவே இல்லை.

ஆண்ட்ராய்டில் எஸ்எஸ்எல், ஸ்டார்ட்டிஎல்எஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐஃபோனில் "யூஸ் எஸ்எஸ்எல்" என்ற ஒரே சுவிட்ச்தான். இரண்டு போர்ட்டுக்கும் அது ஆனில் இருக்கட்டும்.

25 என்ற போர்ட்டைப் பழைய குறிப்புகளில் பார்ப்பீர்கள். அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையே மெயில் கைமாறும் வழி. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதால் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்துவிடுகின்றன. கைப்பேசியில் 25 இருந்தால் உடனே 465க்கோ 587க்கோ மாற்றுங்கள். "பாதுகாப்பு: இல்லை" என்பதையும் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் பாஸ்வேர்டு திறந்த வழியில் போகும்.

எது முதலில்? உங்கள் நிறுவனம் எதைச் சொல்கிறதோ அது. இரண்டையும் சொன்னால் நான் 465ஐ முதலில் வைப்பேன். போகவில்லை என்றால் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சேமித்துவிட்டு ஒரு சோதனை மெயில். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைத்தால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

7. பெயரும் பாஸ்வேர்டும்

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம் சாப்பாடு ஆர்டர் எடுக்கும் அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். 200 பேர் சாப்பாட்டுக்கான கொட்டேஷன் அன்று மாலை 5 மணிக்குள் போக வேண்டும். விரல் நகத்தில் மஞ்சள் கறை இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார். ஐஃபோனில் பிரைமரி சர்வர் பக்கத்தைத் திறந்தேன். சர்வர் பெயர் சரி, போர்ட் சரி. யூசர்நேம் இடத்தில் சாம்பல் நிறத்தில் "ஆப்ஷனல்". பாஸ்வேர்டு இடத்திலும் "ஆப்ஷனல்".

"ஆப்ஷனல்னா போடத் தேவையில்லன்னுதானே தம்பி அர்த்தம்?" என்று கேட்டார். அவர் வாசித்தது சரிதான். ஆனால் இன்று அநேகமாக எந்த அவுட்கோயிங் சர்வரும் பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் மெயிலை வாங்காது. முழு முகவரியையும் இன்கமிங்கில் இருந்த அதே பாஸ்வேர்டையும் போட்டு, மேலே "டன்" தட்டினோம். 4.40க்கு மெயில் போன சத்தம் கேட்டது.

ஆகவே: யூசர்நேம் இடத்தில் முழு முகவரியைப் போடுங்கள், அந்த @ குறியோடும் டொமைனோடும் சேர்த்து. முன்பாதி மட்டும் பல சர்வர்களுக்குப் போதாது. ஆண்ட்ராய்டில் "ரிக்வயர் சைன்-இன்" ஆனில் இருக்க வேண்டும். ஐஃபோனில் ஆத்தென்டிகேஷன் "பாஸ்வேர்டு" என்று இருக்கட்டும். "டன்" தட்டாமல் பின்னால் வந்தால் மாற்றம் சேமிக்கப்படாது. இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

இந்த இடம் காலியாக இருந்தால் ஒரு விசித்திரமான அறிகுறி தெரியலாம். உங்கள் டொமைனுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு மெயில் போகும், ஜிமெயில்காரர்களுக்குப் போகாது. 550 என்ற எண்ணும் "ரிலே" என்ற சொல்லும் வரும். தன் வீட்டுக்கான கடிதத்தை யார் கொடுத்தாலும் சர்வர் வாங்கும். வெளியூருக்கான கடிதத்தை யாரென்று தெரியாதவரிடம் வாங்காது. சோதனைக்கு வெளி முகவரி வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பாஸ்வேர்டு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைப்பேசியின் பிரவுசரில் உங்கள் வெப்மெயிலைத் திறந்து, அதே பாஸ்வேர்டைக் கையால் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே போனால் பாஸ்வேர்டு சரி. போகவில்லை என்றால் மெயில் ஆப்பில் என்ன செய்தாலும் பயனில்லை. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றிய பிறகு இன்கமிங், அவுட்கோயிங் இரண்டு இடத்திலும் புதியதைப் போட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் போட்டுவிட்டு "வருது, போகல" என்று வருகிறவர்கள் நிறைய.

ஜிமெயில், யாஹூ, ஐக்ளவுடு முகவரிகளைக் கையால் செட்டிங்ஸ் நிரப்பி வேறு ஆப்பில் வைத்தால், வழக்கமான பாஸ்வேர்டு ஏற்கப்படாது. தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் இதை 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு, கணக்குப் பக்கத்தில் "ஆப் பாஸ்வேர்டு" (அந்த ஆப்புக்கு மட்டுமான தனிப் பாஸ்வேர்டு) உருவாக்க வேண்டும். கூகுள் கொடுப்பது 16 எழுத்து. பின்னாளில் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்டும் ரத்தாகிவிடும், புதிதாக எடுக்க வேண்டும். அவுட்லுக் புள்ளி காம் முகவரிக்கு இந்த வழியும் இல்லை. 2024 செப்டம்பர் 16க்குப் பிறகு மைக்ரோசாஃப்டின் சைன்-இன் பக்கம் வழியாகத்தான் நுழைய முடியும். அக்கவுண்ட் சேர்க்கும்போது "அதர்" என்பதை விட்டு "அவுட்லுக்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். பல சர்வர்கள் சில தவறுகளுக்குப் பிறகு நீங்கள் இருக்கும் இணைய இணைப்பையே கொஞ்ச நேரம் அடைத்துவிடும். லோரி காண்ட்ராக்டர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு முறை தட்டியிருந்தார். பிறகு நான் சரியான பாஸ்வேர்டைப் போட்டும் போகவில்லை. டேட்டாவை அணைத்துக் கடை வைஃபைக்கு மாற்றியதும் போய்விட்டது. இரண்டு தவறு ஆனால் நிறுத்துங்கள். வெப்மெயிலில் சோதித்த பிறகு மூன்றாவது முறை.

8. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால்

"சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்ய முடியவில்லை" என்று வந்தால் மூன்றைப் பாருங்கள். சான்றிதழ் என்பது சர்வர் தான் இன்னார் என்று காட்டும் அடையாள அட்டை.

முதலில் கைப்பேசியின் தேதி. பேட்டரி முழுதும் இறங்கிப்போய்த் தேதி தவறியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். தேதி, நேரத்தை ஆட்டோவில் வையுங்கள்.

அடுத்து சர்வர் பெயர். நீங்கள் போட்ட பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பலருடைய டொமைன்கள் ஒரே சர்வரில் இருக்கும்போது சான்றிதழ் நிறுவனத்தின் சொந்தப் பெயரில் இருக்கலாம். எச்சரிக்கையில் "டீட்டெய்ல்ஸ்" தட்டினால் அந்தப் பெயர் தெரியும். அது உங்கள் நிறுவனத்தின் சர்வர்தான் என்று அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்தப் பெயரையே சர்வர் இடத்தில் போடுங்கள்.

மூன்றாவது, பழைய ஆண்ட்ராய்டு. சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் (மெயில் வசதி கொடுப்பவர்கள்) பல இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைத்தான் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைப்பேசிகளுக்கு அதன் மூலச் சான்றிதழ் தெரியாது. 2024 வரை ஒரு மாற்று ஏற்பாட்டில் ஓடியது, இப்போது அதுவும் இல்லை. அந்தக் கைப்பேசியில் வெப்மெயிலும் இதே எச்சரிக்கை காட்டலாம். ஃபயர்பாக்ஸ் பிரவுசர் தன் சொந்தச் சான்றிதழ் பட்டியலை வைத்திருப்பதால் அதில் வெப்மெயில் திறக்க வாய்ப்புண்டு.

ஆண்ட்ராய்டில் "எல்லாச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்" என்ற வகையும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மெயில் போகும் என்பது உண்மைதான். நடுவில் யாராவது சர்வர்போல நடித்தால் அவருக்கும் உங்கள் பாஸ்வேர்டு போகும் என்பதும் உண்மை. இன்வாய்ஸ் அனுப்பும் முகவரிக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

9. மெயிலின் எடை

காண்ட்ராக்டர்களுக்கு இது முக்கியம். மில்லில் கொடுத்த டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) சீட்டுகளை ஆறு படமாக எடுத்து ஒரே மெயிலில் போடுகிறார்கள். படம் ஒன்று 4 எம்பி என்றால் மொத்தம் 24 எம்பி. படம் மெயிலில் ஏறும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். 24 என்பது 32 ஆகிவிடும். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. சிறிய ஹோஸ்டிங்கில் வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

சீட்டில் எண் தெரிந்தால் போதும். ஐஃபோனில் அனுப்பும்போது அளவு கேட்டால் "மீடியம்" தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்கேன் ஆப்பில் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். அளவு வெகுவாக இறங்கும்.

அவுட்பாக்ஸில் பெரிய மெயில் ஒன்று சிக்கி நின்றால், ஏர்பிளேன் மோட் போட்டுவிட்டு அதை அழியுங்கள். அனுப்ப முயன்றுகொண்டிருக்கும்போது அழிக்க விடாது. அப்புறம் ஏர்பிளேன் மோடை அணையுங்கள்.

10. ஐஃபோனில் மட்டும் வரும் ஒரு சிக்கல்

பிரைமரி சர்வருக்குக் கீழே "அதர் எஸ்எம்டிபி சர்வர்ஸ்" என்று ஒரு பட்டியல் இருக்கும். பிரைமரி தோற்றால், அதில் ஆனில் உள்ள வேறொரு அக்கவுண்டின் சர்வர் வழியாக ஐஃபோன் அனுப்பிவிடும். மெயில் போய்விட்டதே என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் ஜிமெயில் சர்வர் வழியாகப் போனால் அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரி தெரியும். வேறு சர்வரென்றால், உங்கள் டொமைன் சார்பில் அனுப்ப அதற்கு அனுமதி இல்லை என்று கண்டு, பெறும் பக்கம் ஸ்பேமில் போடலாம். அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டுச் சோதியுங்கள்.

11. சோதனை மெயில்

படமோ ஃபைலோ எதுவும் சேர்க்காமல், தலைப்பில் நேரத்தை மட்டும் போட்டு, வீட்டார் ஜிமெயிலுக்கு அனுப்புங்கள்: "சோதனை 3.15" என்பதுபோல. ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் மாறுவதால் எது போய்ச் சேர்ந்தது என்று குழப்பம் வராது. வந்ததும் அனுப்புநர் முகவரி சரியாகத் தெரிகிறதா, ஸ்பேமில் விழுந்ததா என்று அந்தக் கைப்பேசியில் பாருங்கள். ஒருமுறை வைஃபையில், ஒருமுறை டேட்டாவில். பிறகு 1 எம்பி அளவில் ஒரு படத்தோடு ஒன்று.

எல்லாம் போனதும் அவுட்கோயிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு அதில் புள்ளிகளாகத்தான் தெரியும், பயமில்லை. சர்வர் பெயர், போர்ட், பாதுகாப்பு வகை எழுதிய தாளைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கைப்பேசி மாற்றும் அன்று தேட வேண்டியிருக்காது.